"இன்னும் பேசலையே..." கவலையை விடுங்க, கவனத்தை வைங்க!

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா. மாலை ஐந்தரை மணி. சறுக்கு மரத்தில் வாண்டுகள் வரிசை கட்டி நிற்க, பெஞ்சில் ஒரு இளம் அம்மாவும் அவருடைய மாமியாரும். நடுவில் இரண்டரை வயதுப் பையன். கையில் செல்போன்.

"ஏ ஃபார் ஆப்பிள்... பி ஃபார் பால்..." கடகடவென்று போனோடு சேர்ந்து ஒப்பிக்கிறான். எட்டு கலர் தெரியும், அதுவும் இங்கிலீஷில். ஆனால் தாகம் எடுத்தால்? பாட்டிலைக் கைகாட்டி அழுகிறான். 'தண்ணி' என்ற வார்த்தை வரவில்லை. 'அம்மா', 'தாத்தா', 'போ', 'இல்ல'... சொந்தமாகப் பேசுவது மொத்தமே இந்த நாலைந்து வார்த்தைதான்.

"அடுத்த வாரம் ப்ளே ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காங்க அத்தை. 'உன் பேர் என்ன'ன்னு கேட்டா என்ன பண்ணுவான்?"

"ஏம்மா இப்படிப் பதறுறே? இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான். இப்ப அவன் வாயை மூட முடியுதா சொல்லு!"

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் பேசிவிடாது என்பது உண்மைதான். ஆனால், 'தானா வரும்' என்று காத்திருந்தே பொன்னான இரண்டு வருடத்தைத் தொலைத்த வீடுகளும் நிறைய. எதுவரை பொறுமையாக இருக்கலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும், வீட்டில் நாம் என்ன செய்யலாம்... பார்ப்போமா?

காதுதான் முதல் வாசல்

அபிமன்யு தாயின் வயிற்றிலேயே பாடம் கேட்ட கதை நமக்குத் தெரியும். சக்கர வியூகம் வரை போக வேண்டாம். ஆனால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சிசுவுக்கு அம்மாவின் குரல் கேட்கிறது என்பது நிஜம். 1986-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பிணிகள் கடைசி வாரங்களில் ஒரே கதையைத் தினமும் சத்தம் போட்டுப் படித்தார்கள். பிறந்த சில நாளில் அந்தக் கதையையும், கேட்டிராத ஒரு புதுக் கதையையும் ஒலிக்கவிட்டபோது, பிஞ்சுகள் தாங்கள் சப்பும் வேகத்தை மாற்றி, பழகிய கதையைத்தான் கேட்க விரும்புவதாகக் காட்டின!

ஆக, பேச்சு வருவதற்கு முதலில் காது சரியாக இருக்க வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, அதில் சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையை ஆரம்பிப்பது... உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்லும் கணக்கு இதுதான். தூங்கும் குழந்தைக்கே செய்துவிடலாம். ஊசி இல்லை, வலி இல்லை.

'கதவு தட்டினா திரும்பிப் பார்க்கிறானே, காது நல்லாத்தான் இருக்கு' என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரிய சத்தம் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல மந்தமாகக் கேட்கும். இதைக் கண்டுபிடித்தால் சரி செய்யலாம்.

சீக்கிரம் ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அடையாறு சாஸ்திரி நகரில் 1969-ல் தொடங்கிய 'பால வித்யாலயா', காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான பள்ளி. கைக்குழந்தையாக இருக்கும்போதே சேர்க்கலாம். காது கேட்கும் கருவியைப் பொருத்தி, மிச்சமிருக்கும் கேட்கும் திறனைப் பழக்கி, பேசவும் படிக்கவும் சொல்லித்தருகிறார்கள். அங்கே அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். ஏனென்றால், வகுப்பு சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் வீடுதான் பள்ளிக்கூடம். இங்கிருந்து கிளம்பி மற்றக் குழந்தைகளோடு சாதாரணப் பள்ளியில் சேர்ந்து படித்தவர்கள் ஏராளம். காது கேளாத குழந்தைக்கே இது முடியுமென்றால், காது கேட்கும் நம் குழந்தைக்கு நாம் எவ்வளவு செய்யலாம்!

எந்த வயதில் என்ன பேச வேண்டும்?

இது பரீட்சை மார்க் இல்லை. ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

• 6 மாதம்: சத்தம் வரும் பக்கம் திரும்பும். நாம் பேசினால் 'ங்கா', 'ஊ' என்று பதில் குரல் கொடுக்கும்.

• 9 - 12 மாதம்: 'மாமாமா', 'தாத்தாதா' என்று அடுக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். டாட்டா காட்டும்.

• ஒன்றரை வயது: அம்மா, அப்பா தவிர இன்னும் சில வார்த்தைகள் வரும். 'செருப்பை எடுத்துட்டு வா' என்றால் புரியும். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டும்.

• 2 வயது: 'அம்மா வா', 'பால் வேணாம்' என்று இரண்டு வார்த்தையைச் சேர்க்கும்.

• 3 வயது: சின்னச் சின்ன வாக்கியம். வெளி ஆட்களுக்கும் பெரும்பாலும் புரியும். ர, ற, ழ போன்றவை இன்னும் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. 'மழை'யை 'மயை' என்று சொல்வது இந்த வயதில் மழலைதான்.

*உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?* ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் இல்லை, கைகாட்டவில்லை. 16 மாதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை. 2 வயதில் தானாக இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை. பேர் சொன்னால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் திடீரென்று நின்றுபோவது. இதில் எது இருந்தாலும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மருத்துவர், காது டாக்டர், பேச்சுப் பயிற்சி நிபுணர்... இந்த வரிசையில் காட்டுங்கள். ஆட்டிசம் இருக்குமோ என்ற பயம் மனதில் ஓடினால், அதை வாய்விட்டே கேட்டுவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் பயிற்சி.

அப்புறம், பாட்டி வைத்தியம் விஷயம். பேச்சு வரட்டும் என்று நாக்கில் தேன் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கலாம். வசம்பு உரைத்துக் கொடுப்பதாலும் பேச்சு வராது, அதையும் விட்டுவிடுங்கள். 'நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டினா பேசிடுவான்' என்பதும் பெரும்பாலும் தவறான நம்பிக்கை. நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு சிரமப்படலாமே தவிர, மொழியே வராமல் போகாது.

பேச்சு ஒரு பந்து விளையாட்டு

சரி, பூங்காவில் பார்த்த பையனுக்கு வருவோம். காது டெஸ்ட் எடுத்தார்கள். நன்றாக இருந்தது. முகம் பார்க்கிறான், கைகாட்டுகிறான், சொன்னது புரிகிறது. பேச்சுப் பயிற்சி நிபுணர் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ஒரு நாள்ல இவன் முகத்தைப் பார்த்து, இவனோட எவ்வளவு நேரம் பேசறீங்க?"

அம்மா யோசித்தார். காலையில் அவசரம். அவர் ஆபீஸ் போனபின் பாட்டிக்கு முழங்கால் வலி. சாப்பாடு ஊட்ட செல்போன். சாயந்திரம் சமையல் முடிகிறவரை டி.வி. ராத்திரி அசதி. நாள் முழுக்க வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அவனோடு பேச்சுதான் இல்லை!

'போன்லயும் பேச்சுதானே கேட்கிறான்?' என்று தோன்றலாம். 2003-ல் வெளியான ஒரு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் சிலரோடு, சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நேரில் விளையாடிக்கொண்டே சீன மொழியில் பேசினார்கள். வேறு சிலருக்கு அதே பேச்சை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டன. வீடியோ பார்த்தவை? ஒன்றுமே கற்கவில்லை!

காரணம் எளிது. பேச்சு என்பது பந்து விளையாட்டு. குழந்தை ஒரு 'ஊ' போட்டால், நாம் அதைப் பிடித்துத் திருப்பிப் போட வேண்டும். திரை பந்தைப் போட்டுக்கொண்டே இருக்கும், பிடிக்கத் தெரியாது. அதனால்தான் இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அமெரிக்காவில் இருக்கும் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு விஷயம். அங்கே எதிர்முனையில் பந்தைப் பிடிக்க ஆள் இருக்கிறார்!

எப்படி விளையாடுவது?

• *நீட்டிச் சொல்லுங்கள்.* குழந்தை "பஸ்" என்றால், "ஆமா, பெரிய பஸ் வருது! நிறைய பேர் ஏர்றாங்க" என்று அதே வார்த்தையை வளர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

• *திருத்தாதீர்கள்.* "தண்ணி கொட்டிச்சி" என்பதற்குப் பதிலாக "தண்ணி கொத்தித்தி" என்றால், "அப்படி இல்லடா, ஒழுங்கா சொல்லு" என்று அதட்டாமல், "அச்சச்சோ, தண்ணி கொட்டிடிச்சா?" என்று சரியான உச்சரிப்பைக் காதில் போட்டுவிடுங்கள்.

• *காத்திருங்கள்.* கேள்வி கேட்டுவிட்டு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். குழந்தைக்கு வார்த்தையைத் தேட நேரம் வேண்டும்.

• *கேட்பதற்கு முன்னால் கொடுக்காதீர்கள்.* பாட்டிலை நீட்டி, "தண்ணி வேணுமா, பால் வேணுமா?" என்று கேளுங்கள். ஆனால் பேசினால்தான் கொடுப்பேன் என்று அழவிடவும் வேண்டாம்.

• *வேலையைக் கதையாக்குங்கள்.* மாட வீதியில் காய் வாங்கும்போது, "இது கத்தரிக்கா, வழவழன்னு இருக்கு. இது பாவக்கா, சொரசொரன்னு இருக்கு, தொட்டுப் பாரு!" ஒரு கிலோ காயோடு பத்து வார்த்தையும் வீட்டுக்கு வரும்.

தமிழா, இங்கிலீஷா?

தி. நகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்று அடிக்கடி கேட்கும் வசனம் இது: "ஸ்கூல்ல இங்கிலீஷ்தானே, அதனால வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசறோம்." இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும், பேச்சு தாமதமாகும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லை. இரண்டு மொழியைக் கையாளும் திறன் பிஞ்சு மூளைக்கு இருக்கிறது. அதனால் மட்டும் பேச்சு தாமதமாவதில்லை. எத்தனை வார்த்தை என்று எண்ணும்போது இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எந்த மொழியில் உங்களால் கொஞ்ச முடியுமோ, கோபிக்க முடியுமோ, கதை விட முடியுமோ, அந்த மொழியில் பேசுங்கள். "கம்... சிட்... ஈட்..." என்று நாலு உத்தரவை மட்டும் இங்கிலீஷில் போடும் வீட்டில், குழந்தைக்கு நாலு வார்த்தைதான் கிடைக்கும். தாய்மொழியில் கெட்டியாக வளர்ந்த பேச்சு, அடுத்த மொழிக்கு நல்ல அஸ்திவாரம்.

மடியில் குழந்தை... கையில் புத்தகம்

"பேச்சே வரலை, புத்தகம் எதுக்கு?" என்று கேட்காதீர்கள். 1989-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர்கள் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தார்கள். செக்கப்புக்கு வரும் குழந்தைக்கு ஒரு படப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்புவது! 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பிறந்ததிலிருந்தே குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்லும்படி தன் டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது.

நம் வீடுகளுக்கு இது இன்னும் அவசியம். ஏன் தெரியுமா? நாம் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். 'வந்துட்டான்' என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, பள்ளிக்கூடத்தில் 'வந்துவிட்டான்' திடீரென்று முன்னால் வந்து நிற்கிறது. 'வாழப்பழம்' தெரியும், 'வாழைப்பழம்' புதுசு. எழுத்துக் கூட்டுவது ஒரு பாரம், இந்தப் புதுத் தமிழ் இன்னொரு பாரம். இரண்டு, மூன்று வயதிலேயே புத்தகத் தமிழ் காதில் விழுந்திருந்தால் இரண்டாவது பாரம் குறைந்துவிடும். எனவே, முதலில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே படியுங்கள். பிறகு, "அவன் வந்துட்டானாம்டா!" என்று வீட்டுத் தமிழிலும் சொல்லுங்கள்.

படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் கடகடவென்று படித்து முடிக்காதீர்கள். "யானை எங்கே ஒளிஞ்சிருக்கு?" "அப்புறம் என்ன ஆகும்?" "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று நடுநடுவே குழந்தையைக் கதை சொல்ல விடுங்கள். ஒரே கதையை முப்பதாவது தடவை கேட்கிறதா? சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். தெரிந்த கதையில்தான் தெரியாத வார்த்தை பிடிபடும். பக்கத்தைக் கிழித்தால் திட்ட வேண்டாம், கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்கிவிடுங்கள்.

முந்தைய தலைமுறைக்கு, 1947-ல் சென்னையில் பிறந்த 'அம்புலிமாமா'வும், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளும் இருந்தன. பழைய பிரதிகள் பரணில் இருந்தால் தூசி தட்டுங்கள்! இன்றைக்கும் குறைவில்லை. சென்னையில் 1996-ல் தொடங்கிய 'தூலிகா' பதிப்பகம், தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் இருக்கும் படப் புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. 'பிரதம் புக்ஸ்' 2015-ல் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய தனிப் பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங் மாலுக்குப் பதிலாக ஒருமுறை போய்ப் பாருங்களேன்!

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம்

இரண்டரை வயதில் 'அ' எழுத வைத்துக் கண்ணீர் விடவைக்கும் வீடுகள் உண்டு. அந்த வயதில் விரல் தசைகளே முழுசாக உறுதியாகவில்லை. எழுத்து முதலில் காதுக்கு, பிறகு விரலுக்கு, கடைசியில்தான் பென்சிலுக்கு.

இதை உலகத்துக்குச் சொன்னவர் அடையாறில் வாழ்ந்தவர் என்றால் ஆச்சரியமாக இல்லையா? இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மகன் மரியோவோடு அடையாறு வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். சில மாதங்கள் தங்க வந்தவரை உலகப் போர் பிடித்து நிறுத்திவிட, 1946 வரை இந்தியாவிலேயே இருக்கும்படி ஆயிற்று. அவருடைய முறையில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை, குழந்தை அதன் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவிப் பார்க்கும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதியதும், விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பதும் இதற்குச் சொந்தக்காரர்கள்தானே! விஜயதசமியோடு நிறுத்தாமல், ஒரு தாம்பாளத்தில் ரவையோ மணலோ பரப்பி வாரம் நாலு நாள் விளையாட விடுங்கள்.

தமிழ் எழுத்து மொத்தம் 247. பயப்படாதீர்கள், 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் மற்றவை பெரும்பாலும் அவற்றின் சேர்க்கைதான். ஆனால் குழந்தை தடுமாறும் இடங்கள் சில உண்டு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது. உச்சரிக்கும்போது அந்த ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒரே 'க', ஒலி மூன்று விதம். இங்கெல்லாம் குழந்தை தப்பு செய்தால் அது மக்கு அல்ல, எழுத்து அப்படி. இன்னொன்று: பாட்டி எழுதும் தும்பிக்கை வைத்த பழைய 'லை'யும், பாடப் புத்தகத்து 'லை'யும் வேறு. 1978-ல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. பாட்டி கொஞ்சம் மாற்றிக்கொள்ளட்டும்!

எழுத்துக்கு முன் ஒலி விளையாட்டு ஆடுங்கள். 'ம-ர-ம்' என்று கை தட்டிப் பிரியுங்கள். 'க'வில் ஆரம்பிக்கும் சாமான் சமையலறையில் என்னென்ன? கரண்டி, கடுகு, கத்தி... போட்டியை பஸ்ஸிலும் ஆடலாம், பைசா செலவில்லை.

பள்ளியில் சேர்ந்து ஒன்றாம், இரண்டாம் வகுப்பு முடிந்தும், பேச்சில் சுட்டியான குழந்தை எழுத்துக் கூட்ட மட்டும் திணறுகிறதா? சோம்பேறி என்று முத்திரை குத்தாதீர்கள். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. 1991-லிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையில் இதற்கென்றே பயிற்சி அளித்துவருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தக் குறைபாட்டை அங்கீகரிக்கிறது.

தினம் 30 நிமிடம் போதும்

• காலை 5 நிமிடம்: குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு, சோப்பு, வெந்நீர்... பேர் சொல்லிப் பேச்சு.

• சாப்பாட்டு நேரம் 10 நிமிடம்: போன், டி.வி. இரண்டும் அணைந்திருக்கட்டும். தட்டில் இருப்பதைப் பற்றியே பேசலாம்.

• மாலை 5 நிமிடம்: மொட்டை மாடியிலோ வாசலிலோ காக்கா, பூனை, ஆட்டோ.

• படுக்கப் போகும்முன் 10 நிமிடம்: ஒரு புத்தகம், ஒரு பாட்டு. அப்பாவின் முறையும் உண்டு. கதை சொல்வது அம்மா டிபார்ட்மென்ட் மட்டும் இல்லை!

அந்தப் பூங்கா அம்மாவை நாலு மாதம் கழித்து மறுபடி பார்த்தேன். பேச்சுப் பயிற்சி இன்னும் நடக்கிறது. ப்ளே ஸ்கூல் சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். பாட்டி முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே, பேரனை மடியில் சாய்த்துக் கதை படிக்கிறாராம். 'படிக்கத் தெரிஞ்சதுக்கு இப்பதான் பலன்' என்று பெருமை வேறு.

"முந்தாநாள் ராத்திரி கரன்ட் போச்சு. மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். என் தாடையைப் பிடிச்சுத் திருப்பி, 'அம்மா, நிலா பாரு'ன்னான்..." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றே வார்த்தை. ஏ, பி, சி, டி இருபத்தாறையும் ஒப்பித்தபோது கிடைக்காத சந்தோஷம் அதில் இருந்தது. இந்த முறை அவன் பேசியது போனோடு இல்லை, அம்மாவோடு!

இன்றைக்கு ராத்திரி உங்க வீட்டுலயும் ஒரு பத்து நிமிஷம்... போனை அணைத்துவிட்டு ஆரம்பியுங்களேன்.